எழுவாய் இழந்த கல்: காவிரிப் படுகையின் அயற்போர் நினைவுச் சின்னங்களும் நடுகல் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரிப் படுகையில் அயல்நாட்டுப் போர்களை நினைவுகூரும் கட்டுமானங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, தஞ்சை மாவட்டக் கடற்கரையில் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா. மற்றொன்று, திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் நிற்கும் முதல் உலகப் போர் நினைவு மணிக்கூண்டு. இவை பெரும்பாலும் வரலாற்றுச் சான்றுகளாகவும் சுற்றுலா இடங்களாகவுமே பேசப்படுகின்றன. இக்கட்டுரை இவற்றின் பொறிப்புகளைப் பனுவல்களாகக் கொண்டு, தமிழ் நடுகல் மரபின் தொடரமைப்போடு ஒப்பிட்டுத் திறனாய்வு செய்கிறது. நடுகல்லில் இறந்த வீரனே எழுவாயாக நிற்கிறான். மனோராவில் அந்த இடத்தை மன்னரும் மணிக்கூண்டில் ஓர் எண்ணும் எடுத்துக்கொள்கின்றன என்பதும், அவ்வெண்ணைப் பெயர்களாக மீட்பது ஆய்வுலகம் ஆற்ற வேண்டிய பணி என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நடுகல், மனோரா, முதல் உலகப் போர், நினைவுச் சின்னம், எழுவாய், காவிரிப் படுகை.

1. முன்னுரை

நினைவுச் சின்னம் என்பது கல்லாலும் காரையாலும் ஆன கட்டடம் மட்டுமன்று; அது ஒரு கூற்றும் ஆகும். யார், எங்கே, எதற்காக, என்ன ஆனார் என்பதை வருங்காலத்தவர்க்கு அறிவிக்க ஒரு சமூகமோ ஓர் அரசோ எழுதி வைக்கும் தொடர் அது. தொடர் என்றால் அதற்கு எழுவாய் உண்டு; பயனிலை உண்டு. சில இடங்களில் எழுவாய் தோன்றாமல் மறைந்தும் நிற்கும். ஆகவே, ஒரு நினைவுச் சின்னத்தை மதிப்பிடப் புகுவோர் அதன் உயரத்தையும் கட்டடக் கலையையும் அளப்பதோடு அமையாமல், அதன் தொடரில் எழுவாயாக நிற்பவர் யார் என்றும் கேட்க வேண்டியவர் ஆகின்றனர்.

காவிரிப் படுகையைப் பொறுத்தவரை இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இப்படுகையிலிருந்து கடல் கடந்து போருக்குச் சென்றோர் வரலாறு சோழர் காலம் தொட்டு நீள்கிறது. ஆயினும், அவ்வாறு சென்று மீளாத எளிய வீரர்களின் பெயரைப் படுகையின் அயற்போர்ச் சின்னங்கள் தாங்கி நிற்கவில்லை. பெயர் எழுதும் மரபு இங்கு இல்லாமையால் இவ்வாறு நேர்ந்ததா, மரபு இருந்தும் கைவிடப்பட்டதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. நடுகல்லின் தொடரமைப்பு

தமிழில் போர் நினைவின் இலக்கணம் தொல்காப்பியத்திலேயே வகுக்கப்பட்டுள்ளது. புறத்திணையியலில் வெட்சித் திணையை ஒட்டிக் கல்லைக் காணுதல், அதனைக் கொள்ள நாள் குறித்தல், நீராட்டுதல், நடுதல், படையலிட்டுச் சிறப்பித்தல், வாழ்த்துதல் என ஆறு நிலைகள் கூறப்படுகின்றன. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் கண்ணகிக்குக் கல் எடுத்த செய்தியை இதே வரிசையில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனக் காதைகளாக அமைத்துக்கொண்டது. சங்கப் பாடல்கள் பல, கல்லில் வீரனின் பெயரும் பெருமையும் எழுதப்பட்டமையைச் சுட்டுகின்றன.

இலக்கியம் கூறுவதைக் கல்லும் மெய்ப்பிக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என ஆய்வாளர் கருதுகின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் என்பதைச் சில சொற்களிலேயே கூறிவிடுகிறது. அச்சில சொற்களுக்குள் ஊர், நிகழ்வு, ஆள் ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. பல்லவர் காலத்துச் செங்கம் பகுதி நடுகற்கள் இத்தொடரை விரித்து எழுதின. அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். நாட்டின் பெயரும் தலைவனின் பெயரும் அடுத்து வரும். அவனுடைய சேவகனின் பெயர் அதன்பின் வரும். தொறு மீட்டோ ஊர் காத்தோ பட்டான் என வினை முடியும்.

இங்குக் கருதத்தக்கது, அரசனும் தலைவனும் இத்தொடரில் அடைமொழியாகவே நிற்கின்றனர் என்பதாகும். அரசனின் பெயர் காலத்தைக் குறிக்கப் பயன்படுகிறது. தலைவனின் பெயர் சேவகன் எவரைச் சார்ந்தவன் என்பதைக் குறிக்கப் பயன்படுகிறது. ‘பட்டான்’ என்னும் பயனிலைக்குரிய எழுவாய் சேவகனே. வாழ்நாளெல்லாம் பிறர்க்கு ஏவலனாக இருந்த ஒருவன், இறந்தபின் ஒரு கல்லிலேனும் தலைமைச் சொல்லாகிவிடுகிறான். நடுகல் மரபின் உண்மையான சிறப்பு இதில்தான் உள்ளது.

3. கல் அரிய நாட்டில் பெயரும் நெல்லும்

நடுகற்கள் மிகுதியாகக் கிடைப்பது தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை முதலிய மேட்டு நில மாவட்டங்களில். காவிரிப் படுகையில் அவை அரிது. வண்டல் படிந்த இந்நிலத்தில் நடுவதற்குரிய கல் எளிதில் கிடைப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் கருங்கல் வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டது. ஆகவே, படுகையில் கல்லில் எழுதுதல் என்பது ஊரார் தாமாகச் செய்துகொள்ளும் செயலாக இல்லாமல், கல்லைக் கொண்டுவரும் ஆற்றல் உடையோரின் செயலாக அமைந்தது. மன்னரும் கோயிலும் எழுதியவையே இங்கு மிகுந்து நிற்கின்றன.

இதனால், எளியோர் பெயரைக் கல்லில் எழுதும் வழக்கம் படுகைக்குத் தெரியாது எனக் கொள்வது பிழையாகும். பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் புகழ்பெற்ற கல்வெட்டு ஒன்று, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எந்தத் தெருவில், எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்ற ஒழுங்கில் அப்பட்டியல் செல்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்பதும் அக்கல்வெட்டிலேயே உண்டு. பெயர், இருப்பிடம், வாழ்வூதியம் ஆகிய மூன்றையும் நானூறு பேருக்குத் தனித்தனியே எழுதும் பொறுமையும் நுட்பமும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சையில் இருந்தன.

போரில் இறந்தோர்க்கும் ஒரு வழக்கம் இருந்தது. குருதி சிந்தி இறந்தவனின் வழியினர்க்கு நிலம் அளிக்கும் ‘உதிரப்பட்டி’ என்னும் கொடையைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. கல்லை நட்டுவிட்டு அமையாமல், விளைநிலத்தையே நினைவாக்கும் முறை இது. ஆண்டுதோறும் அறுவடை ஆகும்போதெல்லாம் அந்நிலம் இறந்தவனை நினைவூட்டும்.

ஆனால், கடல் கடந்த போருக்கு வரும்போது தொடரின் அமைப்பு மாறிவிடுகிறது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அலைகடலில் கலம் செலுத்திக் கடாரத்தை வென்ற செய்தியை விரிவாகப் பேசுகிறது. பெரிய கோயிலிலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. வென்ற ஊர்களின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. கலத்தில் சென்றோரின் பெயர்களுக்கு அங்கு இடம் இல்லை. மெய்க்கீர்த்தியின் எழுவாய் எப்போதும் மன்னனே. ஊர்ப்புறப் பூசலில் இறந்த சேவகனுக்கு நடுகல் உண்டு. அயல்நாட்டுப் போரில் இறந்த வீரன் மன்னனின் வெற்றிக்குள் கரைந்துவிடுகிறான். பிற்காலச் சின்னங்களை நோக்கும்போது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். வீரனின் பெயர் மறைந்தமைக்குக் காலனிய ஆட்சியை மட்டுமே காரணமாக்க இயலாது என்பதை இது உணர்த்துகிறது.

4. மனோரா: மன்னர் எழுவாயான தூண்

மெய்க்கீர்த்தியின் தொடரமைப்பு, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் படுகையின் தென்கோடிக் கடற்கரையில் மீண்டும் தோன்றுகிறது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. அறுகோண வடிவில் எட்டு நிலைகளோடு ஏறத்தாழ 75 அடி உயரம் கொண்ட கோபுரம் அது. சுற்றிலும் மதிலும் அகழியும் உண்டு. கோபுரத்தைக் குறிக்கும் ‘மினார்’ என்னும் சொல்லே மக்கள் வழக்கில் மனோரா ஆயிற்று என்பர்.

இதன் பொறிப்பு கூறும் செய்தி சுருக்கமானது. பிரித்தானிய அரசின் நண்பரும் துணைவருமான சரபோஜி மகாராஜா, பிரித்தானியப் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இத்தூணை எழுப்பினார் என்பதே அதன் சாரம். ஆண்டு 1814 எனக் குறிக்கப்பட்டுள்ளது.

சுற்றுலா நூல்களும் செய்திக் கட்டுரைகளும் இக்கோபுரத்தை வாட்டர்லூ வெற்றியின் நினைவாகக் கூறிவருவது வழக்கமாகிவிட்டது. பொறிப்பில் உள்ள ஆண்டு இதற்கு இடம் தரவில்லை. நெப்போலியன் முதன்முறை முடிதுறந்தது 1814 ஏப்ரலில். அவர் எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டு, 1815 மார்ச்சில் மீண்டும் பிரான்சில் இறங்கி, வாட்டர்லூவில் தோற்றது 1815 ஜூன் 18 அன்று. ஆகவே, பொறிப்பு போற்றும் வீழ்ச்சி முதல் வீழ்ச்சியே எனக் கொள்வதே பொருத்தம். கட்டுமானப் பணி 1815 வரை நீண்டிருப்பினும், கல்லில் எழுதப்பட்ட நோக்கம் வாட்டர்லூவிற்கு முற்பட்டது. உலகப் புகழ்பெற்ற போர்க்களத்தின் பெயர், கல்லில் உள்ள ஆண்டை மறைத்துவிட்டது. பனுவலைப் படிக்காமல் அதைப் பற்றிய கதையைப் படிக்கும் பழக்கத்திற்கு இது தக்க சான்று.

இனி, அத்தொடரின் எழுவாயை நோக்கலாம். தொடரில் செயல் புரிபவர் மன்னர், அவர் எழுப்பினார். அவருடைய அடைமொழியோ மற்றோர் அரசைச் சார்ந்து நிற்கிறது. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சையின் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கும்பினியாரிடம் சென்றுவிட்டது. சரபோஜியிடம் எஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சார்ந்த சிறு பகுதியுமே. படை நடத்தும் உரிமை இல்லாத மன்னர் ஒருவர் பிறர் படையின் வெற்றிக்குத் தூண் எழுப்புகிறார். 1803-இல் பெரிய கோயிலின் சுவரில் போன்சலே மரபின் வரலாற்றை மராத்தியில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறித்தவரும் இவரே. தம் குலத்தின் வரலாற்றுக்கு நெடுங்கல்வெட்டு. ஆள்வோரின் வெற்றிக்குக் கடற்கரைக் கோபுரம். இரண்டையும் சேர்த்து நோக்கும்போது, அதிகாரம் இழந்த ஓர் அரசர் தம் பெயரேனும் நிலைக்க வேண்டும் என்று முயன்றமை புலனாகிறது. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவரும், கல்வியிலும் மருத்துவத்திலும் ஆர்வம் காட்டியவருமான அவரை வெறும் முகத்துதியாளர் எனத் தள்ளிவிடுதல் முறையன்று. எனினும், அத்தூணின் தொடரில் இறந்தவர் எவரும் இல்லை என்பதும் மறுக்க முடியாதது.

நெப்போலியப் போர்கள் படுகைக்கு முற்றிலும் அயலானவையும் அல்ல. படுகையின் கடற்கரையில் உள்ள காரைக்கால் 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற ஊர். 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை தஞ்சைக் கோட்டையையே முற்றுகையிட்டது. நெப்போலியன் காலத்தில் மொரீசியசு எனப்படும் பிரெஞ்சுத் தீவைக் கைப்பற்ற 1810-இல் சென்ற படையில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தனர். போனபார்ட்டின் வீழ்ச்சியில் தமிழ் பேசும் நிலத்தின் சிப்பாய்களுக்கும் பங்கு உண்டு என்பது இதனால் பெறப்படும். அதே சென்னை மாகாணப் படையைச் சேர்ந்த சிப்பாய்கள்தாம் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1806 ஜூலையில், வேலூரில் கிளர்ந்தெழுந்தவர்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அவர்களை நினைத்துத் தூண் எழுப்புவது அன்றைய சூழலில் இயலாத செயலாகவே இருந்திருக்கும். பிரித்தானியப் படைகளின் வெற்றி என்னும் தொகைச்சொல்லில் அவர்கள் அனைவரும் பெயரின்றி அடங்கிவிட்டனர்.

5. மணிக்கூண்டு: 302-உம் 41-உம்

மனோராவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுந்தது திருச்சிராப்பள்ளிச் சின்னம். படுகையின் தலைவாயிலாகிய அந்நகரில், காய்கறி வண்டிகளும் சுமைதூக்குவோரும் இடைவிடாது வந்துபோகும் காந்தி மார்க்கெட் பகுதியில் அந்த மணிக்கூண்டு நிற்கிறது. அதன் ஆங்கிலப் பொறிப்பு, இந்நகரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு 302 பேர் சென்றனர், அவர்களுள் 41 பேர் உயிர் ஈந்தனர் என்னும் செய்தியைத் தருகிறது. செய்தி அவ்வளவே.

இத்தொடர் திருச்சிக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் பல ஊர்களில் இதே வாய்பாட்டில் அமைந்த கற்பலகைகள் பதிக்கப்பட்டன. ஊரின் பெயரும் இரண்டு எண்களும் மட்டுமே மாறும். மற்றச் சொற்கள் மாறா. அலுவலகப் படிவத்தில் வெற்றிடம் விட்டு நிரப்புவது போன்ற அமைப்பு அது. நடுகல்லிலும் வாய்பாடு உண்டு. ஆனால், அங்கு வாய்பாட்டின் வெற்றிடத்தை நிரப்புவது பெயர். இங்கு அதை நிரப்புவது எண்.

பயனிலையையும் கவனிக்க வேண்டும். நடுகல் ‘பட்டான்’ என்கிறது. அச்சொல்லில் அடிபடுதலும் வீழ்தலும் இறத்தலும் ஒருங்கே உள்ளன. எதிரில் ஆயுதம் தாங்கிய மற்றொருவன் இருந்தான் என்பதும் உள்ளது. கற்பலகை ‘உயிர் ஈந்தனர்’ என்கிறது. ஈதல் என்பது கொடை. கொடுத்தவர் தாமே விரும்பிக் கொடுத்தார் என்னும் பொருள் அதில் கலந்துவிடுகிறது. யாருக்குக் கொடுத்தார், கேட்டவர் யார், குண்டடி பட்டா காய்ச்சல் கண்டா பசியாலா இறந்தார் என்னும் வினாக்களுக்கு அச்சொல் இடம் வைக்கவில்லை. மெசப்பொத்தேமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் போரோடு நோயும் பலரைக் கொன்றது என்பதை நினைத்தால், ‘ஈந்தனர்’ என்னும் சொல் எவ்வளவு செய்தியை மூடிவிடுகிறது என்பது விளங்கும்.

போர்முனையின் பெயரும் பொறிப்பில் இல்லை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் தரையிறங்கிய படையில் பாளையங்கோட்டைக் காலாட்படை இருந்தது. சென்னை சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையினர் பல முனைகளில் பணியாற்றினர். திருச்சியின் 41 பேர் இவற்றுள் எந்த மண்ணில் இறந்தனர் என்பதைக் கல் கூறவில்லை. புலிமான்கோம்பைக் கல் சில சொற்களில் சொன்ன ஊர், நிகழ்வு, ஆள் ஆகிய மூன்றில், மணிக்கூண்டு சொல்வது ஊரை மட்டுமே. அதுவும் இறந்த ஊர் அன்று, புறப்பட்ட ஊர்.

இலக்கியத்தின் பங்கையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். அப்போரில் தாக்குண்ட பெல்ஜியத்திற்குப் பாரதியார் வாழ்த்துப் பாடினார். அறத்தின் பக்கம் நின்று வீழ்ந்த அயல்நாட்டைப் போற்றும் அப்பாடல் தமிழின் பரந்த உள்ளத்திற்குச் சான்று. ஆனால், தமிழ்ச் சிப்பாயின் நிலை அவ்வாறு பாடுவதற்கு எளிதானதன்று. அவன் ஆள்வோரின் சீருடையில் சென்றவன். அவனைப் பாடினால் பேரரசைப் பாடியது ஆகும். பாடாவிட்டால் அவன் மறைந்துபோவான். விடுதலை இயக்கத்தின் நினைவிலும் பேரரசின் நினைவிலும் அவனுக்கு முழு இடம் கிடைக்காமற்போனதற்கு இந்த இருதலைநிலை ஒரு காரணம் ஆகும்.

6. பெயருக்கு உரியோரும் எண்ணுக்கு உரியோரும்

எண் மட்டும் எழுதப்பட்டமை இடப் பற்றாக்குறையால் நேர்ந்தது என வாதிடலாம். 41 பெயர்களுக்கு ஒரு கற்பலகை போதும் என்பதை நோக்க அவ்வாதம் வலுவிழக்கிறது. அக்காலத்தில் பிற இடங்களில் நடந்ததும் இதனைத் தெளிவாக்கும்.

1917-இல் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், பதவி, இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி இறந்தோர் ஒவ்வொருவரையும் பெயரால் நினைவுகூர்தலைக் கொள்கையாகக் கொண்டது. பிரான்சின் நவ் சப்பேல் என்னுமிடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட இந்தியர் நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. தில்லியில் 1931-இல் திறக்கப்பட்ட இந்தியா கேட் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கி நிற்கிறது. ஈராக்கின் பாசுரா நினைவிடத்திலோ கதை வேறு. அங்கு 40,000-க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். ஆனால், அதிகாரிகளின் பெயர்கள் சுவரில் இடம்பெற, இந்தியப் படையின் எளிய வீரர்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். ஐரோப்பியர் வந்து காணும் இடத்தில் பெயர். காண வாய்ப்பில்லாத இடத்தில் எண்.

அவ்வாணையத்தின் வழிவந்த பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இவ்வேற்றுமையை ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் ஆகிய 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கூறியது. திருச்சியின் கற்பலகை அவ்வாணையம் அமைத்தது என இதற்குப் பொருளன்று. ஆயினும், பாசுராச் சுவரும் காந்தி மார்க்கெட் மணிக்கூண்டும் ஒரே சிந்தனையின் இரு முனைகள். எளிய இந்திய வீரனை எண்ணிக்கையாகக் கருதிய சிந்தனை அது.

7. நடுகல்லை மிகைப்படுத்தாமை

இவ்வொப்பீட்டில் நடுகல் மரபைப் பொற்காலமாக்கிவிடும் இடர் உண்டு. அதனைத் தவிர்க்கச் சில எதிர்வாதங்களை எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது, நடுகல் வீரனும் பிறர்க்காகவே இறந்தான். மீட்ட ஆநிரை அவனுடையதாக இருந்திருக்க வேண்டியதில்லை. அவன் பெயர் தலைவனின் பெயரைச் சுமந்துகொண்டே கல்லில் ஏறுகிறது. இரண்டாவது, காலப்போக்கில் பல நடுகற்கள் குலதெய்வங்களாக மாறின. அவற்றின் எழுத்தைப் படிப்போர் அற்றுப்போயினர். பெயர் எழுதப்பட்டமையே நினைவு நிலைத்தமைக்கு உறுதியாகாது. மூன்றாவது, பெயர் எழுதினால் அதனோடு குலமும் வெளிப்படும். எண்ணோ அனைவரையும் சமமாக்கும் என்றும் கூறலாம்.

மூன்றாம் வாதம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. சென்னைப் படையில் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவரும் முசுலிம்களும் கணிசமாகச் சேர்ந்திருந்தனர். ஊரில் கிடைக்காத மதிப்பைப் படையின் சீருடை ஓரளவு தந்தது. ஆனால், படுகையின் சமூக அமைப்பில் பெயரின்மை என்பது சமன்மையாக ஒருபோதும் இருந்ததில்லை. நிலவரிக் கணக்குகளில் மிராசுதாரரின் பெயர் உண்டு. அந்நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பண்ணையாளின் பெயர் இல்லை. அங்கு அவர் ஆள் கணக்கு. இங்குப் படைக் கணக்கு. ஊரைவிட்டுப் படைக்குச் சென்ற ஒருவர், இறந்தபின் மீண்டும் எண்ணாகவே ஊர் திரும்பினார் என்றால், சீருடை தந்த மதிப்பைக் கல் பறித்துக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

பெயரின் மதிப்பைப் படுகையின் உழைப்பாளர் பின்னர் தாமே காட்டினர். 1968 திசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சைப் பகுதியின் கீழ்வெண்மணியில் தீக்கிரையாக்கப்பட்ட 44 பேருக்கு எழுப்பப்பட்ட நினைவிடத்தில், இறந்தோரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அது அயற்போர் அன்று. அவர்கள் படைவீரரும் அல்லர். ஆயினும், நினைவுச் சின்னத்தின் தொடரமைப்பு என்னும் நோக்கில் அது ஒப்பிடத்தக்கது. அரசு எழுப்பிய கல்லில் 41 என்னும் எண் நிற்கிறது. மக்கள் எழுப்பிய கல்லில் இறந்தோர் பெயர் பெற்று நிற்கின்றனர். நடுகல்லின் இலக்கணம் படுகையில் முற்றிலும் மறக்கப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று.

எண்ணுக்கும் ஒரு நன்மை உண்டு என்பதை ஏற்க வேண்டும். மனோராவில் இறப்பே இல்லை. மணிக்கூண்டில் இறப்பு ஒப்புக்கொள்ளப்படுகிறது. 41 என்னும் எண், 41 பெயர்கள் எங்கோ இருக்கின்றன என்று அறிவிக்கிறது. அது ஒரு கடன் சீட்டுப் போன்றது. கடனை அடைக்காவிட்டாலும் கடன் உண்டு என்பதை அது மறைக்கவில்லை.

8. முடிவுரை

மனோராவின் எழுவாய் மன்னர். மணிக்கூண்டின் எழுவாய் எண். நடுகல்லின் எழுவாய் இறந்தவர். அயற்போரில் பட்ட வீரரைப் பெயரின்றி விடும் போக்கு, சோழர் மெய்க்கீர்த்தியிலிருந்து காலனியக் கற்பலகை வரை படுகையில் தொடர்ந்துள்ளது. ஆனால், பெயர் எழுதும் ஆற்றல் இல்லாமையால் அது நேரவில்லை. தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலை எழுதிய மண் இது. யாரை எழுத வேண்டும் என்பதில்தான் தேர்வு நடந்துள்ளது.

அத்தேர்வை இன்று மாற்ற இயலும். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் இறந்தோரின் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை உள்ளன. பல பதிவுகளில் தந்தையின் பெயரும் ஊரும் மாவட்டமும் தரப்பட்டுள்ளன. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்னும் ஊர்ப்பெயர்களை அவற்றின் பழைய ஆங்கில வடிவங்களில் தேடித் தொகுப்பது பல்கலைக்கழகத் துறை ஒன்றின் ஆற்றலுக்கு உட்பட்ட பணியே. இதில் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். பதிவேட்டில் உள்ள ஊர்ப்பெயர் நகரத்தைக் குறிக்கிறதா, மாவட்டத்தைக் குறிக்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஆங்கில எழுத்தில் திரிந்துபோன தமிழ்ப் பெயர்களை ஊகத்தால் திருத்தாமல், இருக்கும் வடிவத்தையும் உடன் காட்ட வேண்டும். சமையலாளர், சுமையாளர், கோவேறு கழுதை ஓட்டுநர் எனப் படையின் பின்சென்று இறந்த பணியாளர்களையும் விடாமல் சேர்க்க வேண்டும். இவ்வாறு தொகுக்கப்படும் பட்டியல் சரியாக 41-இல் முடியாமற்போகலாம். அப்போது கல்லின் எண்ணுக்காகப் பெயர்களைக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. வேறுபாட்டையே ஆய்வுச் செய்தியாகக் கொள்ள வேண்டும்.

பழைய கற்பலகையை அகற்றத் தேவையில்லை. அதுவும் ஒரு வரலாற்றுச் சான்று. அதன் அருகே, தமிழில், சரிபார்க்கப்பட்ட பெயர்களும் தெரிந்தவரை அவர்கள் பட்ட இடங்களும் கொண்ட மற்றொரு கல் நடப்பட்டால் போதும். மனோராவின் முன்னுள்ள அறிவிப்புகளிலும் நூல்களிலும் 1814 என்னும் ஆண்டின் பொருளைத் திருத்தமாக எழுதுதல் இதனோடு செய்யத்தக்க மற்றொரு பணி. கல்லைக் காணுதல் நடுகல் மரபின் முதல் நிலை. காந்தி மார்க்கெட்டில் கல் நூறாண்டுகளாகக் கண்முன்னே நிற்கிறது. எஞ்சியிருப்பது அதில் ஏற வேண்டிய பெயர்களைத் தேடி எடுப்பதே.